சோலார் பேட்டரி ஒரு மணி நேரம்கூடத் தாங்கவில்லை, உதவுங்கள்

பாலஸ்தீனத்தின் மேற்குக் கரையில், ஹெப்ரான் நகருக்குத் தெற்கே மசாஃபர் யாட்டாவில் ஒரு சிற்றூரில் அமைதித் தன்னார்வலராக இருக்கிறேன். ஊருக்கு மின்கம்பி கிடையாது, எல்லாம் சோலார்தான். ஆடு மேய்ப்பவர்களோடு காலையில் போகும்போது கேமராவில் சார்ஜ் இருந்தே ஆக வேண்டும். இஸ்ரேலியக் குடியேறிகள் வந்து விரட்டினால் அந்தப் பதிவுதான் சாட்சி.

12 வோல்ட், 150 ஏஹெச் டியூபுலர் பேட்டரி, 4 வருடப் பழசு. 10 நாளாக, இரவில் இரண்டு பல்பு போட்டாலே ஒரு மணி நேரத்தில் 10.8 வோல்ட்டுக்கு இறங்கி இன்வெர்ட்டர் கத்துகிறது. இன்று விடியலில் வீட்டு அம்மா டார்ச் வெளிச்சத்தில்தான் தயிர் கடைந்தார்.

பேனலைத் துடைத்தேன், டெர்மினலில் பூத்த பச்சையைச் சுரண்டினேன், டிஸ்டில்டு வாட்டரும் ஊற்றியாச்சு. சார்ஜ் ஏறும்போது ஆறு செல்லில் ஒன்று மட்டும் குமிழி விடவே இல்லை.

அந்த ஒரு செல்லை மீட்க வழி உண்டா, இல்லை புது பேட்டரிதான் வாங்க வேண்டுமா?