யார்டேஜுக்குத் தமிழ் என்ன? வெள்ளிக்குள் வேண்டும்

குகைவாசி எழுதியது:

வணக்கம். உடற்கல்வி மாணவர்களுக்கான விளையாட்டுக் கையேடு ஒன்றைத் தமிழில் கொண்டுவரும் வேலை என் தலையில். கபடி, கோகோ, கால்பந்து வரை மளமளவென்று போய்விட்டது. குழிப்பந்தாட்டத்தில் (கோல்ஃப்) சிக்கிக்கொண்டேன். செவ்வாய்ப்பேட்டை அச்சகத்துக்கு வெள்ளி மாலைக்குள் பக்கங்கள் போயாக வேண்டும். ஆட்ட அட்டையில் ஒவ்வொரு 'ஹோலு'க்கும் எதிரே 425, 170, 530 என்று யார்டேஜ், அதாவது யார்டு (கெஜம்) கணக்கில் நீளம், இருக்கிறதல்லவா, அதற்கு ஒரு சொல் வேண்டும். 'குழித்தூரம்' போதுமா?

வேர்ச்சொல் எழுதியது:

போதாது. முதலில் 'தூரம்' வடசொல், 'தொலைவு' இருக்க அது எதற்கு? இரண்டாவது, 'குழி' நம்மிடம் ஏற்கெனவே ஓர் அளவைப் பெயர். நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. பழைய திண்ணைப் பள்ளியில் 'குழிமாற்று' என்று ஒரு வாய்பாடே உண்டு, ஓர் எண்ணை அதே எண்ணால் பெருக்குவது. ஆக, குழி என்பது பரப்பு. பரப்பைக் குறிக்கும் சொல்லோடு நீளத்தைக் குறிக்கும் சொல்லை ஒட்டினால் படிக்கிறவன் என்ன நினைப்பான்? இன்னொன்று, குழி, குழல், குழை, குழாய் எல்லாம் ஒரே வேர், உட்குடைவு. அதிலிருந்து குழந்தைக்குப் போகலாமா என்பதில் எனக்கு ஒரு கருத்து உண்டு...

அஸ்தம்பட்டி டீச்சர் எழுதியது:

ஐயா, குழந்தைக்கு அப்புறம் போகலாம். என் வகுப்பில் இருக்கிற பையன்களுக்கு வேலியும் தெரியாது, மாவும் தெரியாது. குழி என்றால் கோலி விளையாடுகிற குழிதான் தெரியும். இந்த ஆட்டத்திலும் பந்து விழுகிற குழி இருக்கிறது, நாலேகால் அங்குல வாய், அது குழியேதான். ஆனால் முதல் அடி அடிக்கிற இடத்திலிருந்து அந்தக் குழி வரை உள்ள மொத்த நிலத்துக்கும் ஆங்கிலத்தில் அதே பெயர். போன வாரம் ஒரு பையன் கேட்டான், "குழியோட நீளம் 425 கெஜம்னா அவ்வளவு பெரிய குழியா டீச்சர்?" வகுப்பே சிரித்தது. கேள்வி நியாயமானதுதான்.

மலைவழி எழுதியது:

நான் சர்வே துறையில் இருந்து ஓய்வு பெற்று ஏற்காட்டில் இருக்கிறேன். சொல் தேடுவதற்கு முன் எதை அளக்கிறார்கள் என்று பாருங்கள். முதல் அடி அடிக்கிற அடிமேடையில் நிரந்தரமாக ஒரு குறி பதித்திருப்பார்கள், அதுதான் தொடக்கம். அன்றாடம் ஆட்டக்காரர்களுக்காக முன்னே பின்னே நகர்த்தி வைக்கும் வண்ணக் குறிகள் வேறு. முடிவு குழி அல்ல, குழி இருக்கிற ஒட்ட வெட்டிய புல்தரையான புல்மேடையின் நடு. ஏனென்றால் குழியைத் தோண்டும் இடம் மாறிக்கொண்டே இருக்கும், அட்டையைத் தினமும் அச்சடிக்க முடியாது. இடையில் தடம் வளைந்தால், நேர்க்கோடு போட்டு மரத்துக்கு மேலே அளக்கக் கூடாது. நடுப்பாதையில் முடக்கு வரை ஓர் அளவு, அங்கே திரும்பி புல்மேடை வரை இன்னோர் அளவு, இரண்டையும் கூட்ட வேண்டும்.

இதோடு முடியவில்லை. எல்லாம் மட்டத்தில் அளக்க வேண்டும், நிலத்தின் சரிவோடு அல்ல. காப்பித் தோட்டத்தில் அளவுச் சங்கிலி பிடித்தவர்களுக்கு இது புதிதில்லை. சங்கிலியை மண்ணில் கிடத்த மாட்டோம். ஒருவன் மேலே பிடித்துக்கொள்ள, கீழே இருப்பவன் நெஞ்சு மட்டத்துக்குத் தூக்கி இழுத்துப் பிடித்து, நுனியில் தூக்குக்குண்டு விட்டு, அது தொடும் இடத்தில் முளை அடித்து, அடுத்த படிக்கு இறங்குவோம். இப்போது கருவியோ ஜிபிஎஸ்ஸோ அதைச் செய்துவிடுகிறது.

மட்டத்தில் 300 கெஜம், ஏற்றம் 30 கெஜம் என்று வையுங்கள். சரிவோடு அளந்தால் 301½ தான் வரும். ஒன்றரைக் கெஜத்துக்கு ஏன் இவ்வளவு கெடுபிடி என்பீர்கள். ஆனால் ஆடுகிறவனுக்கு அந்த ஏற்றம் ஒன்றரைக் கெஜம் அல்ல, ஏறக்குறைய முப்பது கெஜம் கூடுதலாக அடிக்கிற வேலை. ஆகவே அளந்த நீளம் ஒன்று, ஆடும்போது உணர்கிற நீளம் ஒன்று. இரண்டுக்கும் ஒரே சொல் போட்டுவிடாதீர்கள்.

வேர்ச்சொல் எழுதியது:

எல்லாரும் 'கெஜம்' என்று சரளமாக எழுதுகிறீர்கள். கஜம் என்றால் யானை. 425 யானை. பாரசீகத்து 'கஸ்' இங்கே வந்து யானையோடு கலந்து நிற்கிறது. 'கோல்' என்று போடுங்கள். கல்வெட்டில் பதினாறு சாண் கோல் இருக்கிறது.

மலைவழி எழுதியது:

அதே கல்வெட்டுகளில் பன்னிரண்டு சாண் கோலும் இருக்கிறதே. ஊருக்கு ஒரு கோல். யார்டு என்றால் எங்கே போனாலும் 0.9144 மீட்டர்.

அஸ்தம்பட்டி டீச்சர் எழுதியது:

சேலத்தில் ஜவுளிக்கடைக்குப் போய் ஒன்பது கெஜம் புடவை கேட்டால் யாரும் யானையைக் கொண்டுவந்து நிறுத்துவதில்லை ஐயா. கெஜம் இருக்கட்டும்.

நாகலூரான் எழுதியது:

நான் கொஞ்ச காலம் கொடைக்கானல் மைதானத்தில் ஆட்டக்காரர்களுக்கு மட்டை தூக்கியவன். 1895-இல் தொடங்கிய சங்கம், மலைச்சரிவு, காட்டெருமை வந்து நின்றால் போகும் வரை ஆட்டமே நிற்கும். அங்கே அட்டையில் இருக்கிற எண்ணை முதல் அடிக்கு முன்னால் ஒரு தடவை பார்ப்பார்கள், அவ்வளவுதான். அதற்கப்புறம் வாயில் வருவதெல்லாம் "இன்னும் எவ்வளவு?" என்பதே. அதற்குத்தான் 100, 150, 200 என்று வழியில் குறி வைக்கிறார்கள். பெரும்பாலும் அது புல்மேடையின் நடுவுக்குக் கணக்கு. குழியில் நட்ட கொடி முன்னால் நின்றால் கழிக்க வேண்டும், பின்னால் நின்றால் கூட்ட வேண்டும். "நூத்தம்பது, கொடி முன்னால, நூத்தி நாப்பதுன்னு அடிங்க சார்" என்று சொன்னால் போதும்.

இப்போது லேசர் கருவி கொடிக்கே குறிபார்த்துச் சொல்கிறது. 2019-இல் திருத்திய விதிப்படி தூரம் பார்க்கலாம், ஆனால் ஏற்ற இறக்கத்தைக் கருவியால் அளக்கக் கூடாது. அந்த வசதியை அணைத்து வைக்க வேண்டும்.

சொல்லுக்கு வருகிறேன். எங்கள் பக்கம் வழியைத் 'தடம்' என்றுதான் சொல்வோம். ஹோல் என்பதைத் தடம் என்று வையுங்கள், குழியைக் குழியாகவே விடுங்கள். பதினெட்டுத் தடம், முதல் தடம், தடத்தின் நீளம் 425. மலைப்பாதைக்குக் கிலோமீட்டர் சொல்வது போலத்தான் இது. ஏற்காட்டுப் பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவையும் சுற்றித்தானே சொல்கிறோம், அடிவாரத்திலிருந்து நேராகக் கோடு இழுத்தா சொல்கிறோம்?

மலைவழி எழுதியது:

தம்பி, ஒப்புமை பாதிதான் சரி. சாலைக் கிலோமீட்டர் ஏற்றத்தோடு சேர்ந்தது, இது மட்டக் கணக்கு. ஆனால் 'தடநீளம்' நல்ல சொல். ஒப்புக்கொள்கிறேன்.

வேர்ச்சொல் எழுதியது:

நாகலூர்த் தம்பி தெரியாமலே தொல்காப்பியத்தைத் தொட்டுவிட்டார். உரியியலில் 'தட' என்பதற்குப் பெருமைப் பொருள் சொல்லிவிட்டு, அடுத்த நூற்பாவிலேயே அது கோட்டப் பொருளும் தரும் என்கிறார். கோட்டம் என்றால் வளைவு! அகலமும் அதில் இருக்கிறது, முடக்கும் அதில் இருக்கிறது. உரியியல் 'தட'வும் வழி என்னும் 'தடம்' என்ற பெயரும் ஒன்றுதானா என்று சிலர் கேட்பார்கள். கேட்கட்டும். 'தடநீள்மை' என்று போட்டால் இன்னும் இறுக்கமாக இருக்கும்.

அஸ்தம்பட்டி டீச்சர் எழுதியது:

நீள்மை வேண்டாம் ஐயா, கரும்பலகையில் எழுதினால் பிழை என்று எனக்கே திருத்தம் போடுவார்கள். நீளம்.

குகைவாசி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. வியாழன் ராத்திரி பதினொன்று ஆகிவிட்டது, இதற்கு மேல் தாங்காது. அட்டையில் உள்ளதற்குத் 'தடநீளம்'. பந்து கிடக்கும் இடத்திலிருந்து உள்ளதற்கு 'மீதித்தூரம்'. இரண்டும் கெஜத்தில், அடைப்புக்குறிக்குள் மீட்டர், 425-க்கு 389 என்று முழு எண்ணாக. ஆண்களுக்கு இந்த நீளம் பார் 4-இல் அடங்கும் என்ற வரியில் 'பார்' (ஒரு தடத்தை முடிக்க வைத்த அடிக்கணக்கு) அப்படியே இருக்கிறது. அதைத் தொட்டால் வெள்ளி போய் அடுத்த வெள்ளி வந்துவிடும். மலைவழி ஐயா கேட்ட 'ஆடும்போது உணர்கிற நீளம்', அதற்குச் சொல் வைக்காமல் ஒரு வாக்கியமாகவே விளக்கிவிட்டேன்.

மலைவழி எழுதியது:

வாக்கியம் போதாது, அதுதான் முக்கியமான அளவு. 'ஆடுநீளம்' என்று அடிக்குறிப்பிலாவது போடுங்கள்.

வேர்ச்சொல் எழுதியது:

'மீதித்தூரம்' என்பதில் பின்பாதி தமிழில்லை. 'எஞ்சுதொலைவு' என்று நான் சொன்னதாகப் பதிவில் இருக்கட்டும்.

நாகலூரான் எழுதியது:

எஞ்சுதொலைவு நூத்தி நாப்பதுங்க சார் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் அடித்துவிடுவார்.