1940 கொரியாவில் நடக்கும் கதை: பெயர் பறிபோனதை எப்படி எழுதுவது?

மரப்பாலம்:
வணக்கம். ஜப்பான் ஆட்சியில் இருந்த கொரியாவை வைத்து ஒரு குறுநாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். வருஷம் 1940, ஜியோன்ஜு பக்கம் ஒரு கிராமம், குத்தகைக்கு உழும் கிம் குடும்பம், அதில் பத்து வயதுப் பெண் யோங்ஜா. கொரியர்கள் ஜப்பானியப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற உத்தரவு அமலுக்கு வந்த வருஷம் அது, கதையே அதைச் சுற்றித்தான். முதல் அத்தியாயத்தில் ஆசிரியர் இடுப்பில் வாளோடு வகுப்புக்கு வருகிறார், இனிமேல் நீ எய்கோ என்கிறார், வீட்டில் அப்பா அழுகிறார், ராத்திரி அம்மா மகளின் காதில் பழைய பெயரைச் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். படித்துப் பார்த்த தோழி, "நல்லா இருக்கு, ஆனா இது எந்த நாட்டுலயும் நடக்கலாமே" என்று சொல்லிவிட்டாள். அவள் சொன்னது சரி என்று எனக்கே படுகிறது. இந்தக் காலத்தைப் பற்றி நிறையப் படித்தவர்கள், எங்கே கோட்டை விட்டிருக்கிறேன் என்று சொல்லுங்கள்.

பழைய அலமாரி:
முதலில் அந்த வாளை எடுத்துவிடுங்கள். ஆசிரியர்கள் சீருடையும் வாளுமாக வகுப்புக்கு வந்தது 1910களில். ஜப்பான் ஆட்சியை எதிர்த்துக் கொரியர்கள் நடத்திய 1919 மார்ச் 1 எழுச்சிக்குப் பிறகு அந்த வழக்கம் போய்விட்டது. யோங்ஜாவின் அப்பா சின்ன வயதில் அதைப் பார்த்திருக்கலாம், அவர் நினைவாக வேண்டுமானால் வரட்டும்.

அடுத்தது பெயர். 1940க்கு முன்பே கொரியப் பெயர்களை ஜப்பானிய உச்சரிப்பில் படிக்கும் வழக்கம் இருந்தது. 1936 பெர்லின் ஒலிம்பிக் மராத்தானில் தங்கம் வென்ற சோன் கி-ஜோங், பதிவேட்டில் சோன் கிதெய். யோங்ஜா என்பதற்கான அதே இரண்டு சீன எழுத்துகளை ஜப்பானியர் எய்கோ என்றுதான் படிப்பார்கள், ஆகவே பள்ளியில் அவள் ஏற்கெனவே எய்கோவாக இருந்திருப்பாள். 1940இல் புதிதாகப் போனது கிம் என்ற குலப்பெயர். பிப்ரவரி 11இலிருந்து ஆறு மாதம் கெடு, முடிவதற்குள் ஏறக்குறைய 80 சதவீத வீடுகள் விண்ணப்பித்துவிட்டன. அப்படி மாற்றும்போதும் பழையதை ஒளித்து வைக்கப் பார்த்தார்கள் என்பதுதான் என்னை உலுக்கிய விஷயம். கிம்முக்கான எழுத்தை முன்னால் வைத்து, பின்னால் வேர் என்ற எழுத்தைச் சேர்த்துக் கனெமோட்டோ ஆனார்கள். பாக் குலத்தின் மூதாதை ஒரு கிணற்றடியில் கிடைத்தான் என்பது ஐதீகம், அதனால் பாக்குகளில் பலர் "புதுக் கிணறு" என்று பொருள்படும் அராய் என்பதை எடுத்துக்கொண்டார்கள். குலத்துப் பெரியவர்கள் கூடி உட்கார்ந்து இதை முடிவு செய்த இடங்கள் உண்டு. அப்பா அழுவதற்குப் பதில் அந்தக் கூட்டத்தை எழுதுங்கள்.

நெல்வயல்:
நீங்கள் தேர்ந்தெடுத்த ஊர் கொரியாவின் நெற்களஞ்சியம், ஆனால் அத்தியாயத்தில் சோறே இல்லையே! அந்த வட்டாரத்து அரிசி குன்சான் துறைமுகம் வழியாக ஜப்பானுக்குக் கப்பல் ஏறியது. விளைச்சலைக் கூட்டும் திட்டம் 1920இலேயே வந்தது, விளைச்சலும் கூடியது, ஆனால் கொரியர்கள் சாப்பிட்ட அரிசி குறைந்து மஞ்சூரியாவிலிருந்து வந்த தினைதான் பல வீடுகளில் உலையில் விழுந்தது. போதாக்குறைக்கு 1939இல் தெற்கே கடும் வறட்சி, அந்தக் குடும்பம் 1940க்குள் நுழைவதே பசியோடுதான். கதை போர்க்காலத்துக்குள் நீண்டால் பித்தளைக் கிண்ணங்களையும் கொண்டுவாருங்கள். உலோகம் வேண்டும் என்று வீடு வீடாக வாங்கிப்போனார்கள், மூதாதையருக்குப் படைக்கிற பாத்திரங்கள் உட்பட. குலப்பெயர் போன வீட்டில் படையல் கிண்ணமும் போகிறது, நீங்கள் தேடும் வலி அங்கே இருக்கிறது என்று நினைக்கிறேன்.

கடற்காற்று:
மேலே சொன்னது எல்லாம் சரி. எனக்கு உறுத்தியது வேறு. உங்கள் ஆசிரியர் ஏன் ஜப்பானியராகவே இருக்க வேண்டும்? கொரிய ஆசிரியர்களும் இருந்தார்கள், ஜப்பானியப் பேரரசருக்கு விசுவாசம் சொல்லும் பேரரசுக் குடிமக்களின் உறுதிமொழியைப் பிள்ளைகளை ஒப்பிக்க வைத்தவர்களில் அவர்களும் உண்டு. வீட்டில் கொரிய மொழியில் தாலாட்டுப் பாடிவிட்டு, காலையில் வகுப்பில் அதே மொழியைப் பேசிய பிள்ளையைத் தண்டிக்கிற ஒருவரை எழுதிப் பாருங்கள். எழுத்தாளர் யி குவாங்-சு 1919இல் டோக்கியோவில் கொரிய மாணவர்களின் விடுதலைப் பிரகடனத்தை எழுதியவர், 1940இல் கயாமா மிட்சுரோ என்று பெயர் மாற்றிக்கொண்டு மற்றவர்களையும் மாற்றச் சொன்னவரும் அவரே. கவிஞர் யூன் டோங்-ஜு ஜப்பானுக்குப் படிக்கப் போவதற்காக 1942 ஜனவரியில் பெயரை மாற்ற விண்ணப்பித்தார். அதற்கு ஐந்து நாள் முன்னால் தன்னையே நொந்து ஒரு கவிதை எழுதினார். அடுத்த வருஷம் கைதாகி, 1945 பிப்ரவரியில் ஃபுகுவோகா சிறையில் 27 வயதில் இறந்துபோனார். இருவரும் செய்தது பெயர் மாற்றம்தான், ஆனால் இருவரையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனசு வரவில்லை. உங்கள் கதையில் அந்த வித்தியாசம் தெரிய வேண்டும்.

மரப்பாலம்:
எல்லோருக்கும் நன்றி, வாள் போயாச்சு. ஒரே ஒரு சந்தேகம். யோங்ஜாவின் அப்பா கடைசி வரை விண்ணப்பமே கொடுக்காத பிடிவாதக்காரர் என்று வைத்தால், அந்த வீட்டில் பெயர் தப்பித்துவிடும் அல்லவா?

பழைய அலமாரி:
இல்லை. இந்தச் சட்டத்தில் என்னை அதிகம் வருத்தியதே அந்த இடம்தான். கொரியாவில் பெண் கல்யாணம் ஆனாலும் பிறந்த வீட்டுக் குலப்பெயரோடுதான் சாகும் வரை இருப்பாள். ஜப்பானிய முறையில் ஒரு வீட்டுக்கு ஒரே பெயர். விண்ணப்பிக்காத வீடுகளில் குடும்பத் தலைவரின் குலப்பெயரே எல்லோருக்கும் வீட்டுப் பெயராகத் தானாகவே பதிவாகிவிட்டது. அதாவது அப்பா பிடிவாதம் பிடித்தால் அவருடைய கிம் தப்பிக்கும். லீ குலத்தில் பிறந்த அம்மா அதிகாரி படிக்கிற பட்டியலில் கிம் ஆகிவிடுவாள். அவளிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பழைய பெயர்களைத் திருப்பித் தரும் உத்தரவு 1946 அக்டோபரில் வந்தது, அப்போது யோங்ஜாவுக்குப் பதினாறு வயது. கொரிய மொழிப் பாடத்தை 1938இலேயே விருப்பப் பாடமாக்கி ஓரங்கட்டிவிட்டார்கள், அவள் பள்ளியில் சேர்ந்ததும் ஏறத்தாழ அந்தச் சமயம்தான். பெயர் திரும்பி வருகிற நாளில் அதைக் கொரிய எழுத்தில் எழுத அவளுக்கு அப்போதுதான் பழகியிருக்கும். கதையை அதுவரை கொண்டுபோக முடியுமா என்று பாருங்கள்.