ரூம் எதிர்முழக்கம் (சத்தம் நின்ற பிறகும் அறைக்குள் இழுத்துக்கொண்டே இருக்கும் ஒலி) அளந்த அனுபவம்: மனசை விட்டுப் போகாத ஒன்றைச் சொல்லுங்கள்

சுவரொலி:
காதுக் கருவி போட்ட பிள்ளைகள் படிக்கும் வகுப்பறை. 9 மீட்டர் நீளம், 6 அகலம், 3 உயரம், நாலு பக்கமும் வெறும் சிமெண்ட் சுவர். பலூன் உடைத்து, ஒலி அளக்கும் மீட்டரை ஃபாஸ்ட் என்ற வேக நிலையில் வைத்து, 0.1 நொடிக்கு ஒரு அளவாகப் பதிந்தேன். 5 டெசிபெல் இறங்கிய இடத்திலிருந்து 25 வரை எடுத்து மூன்றால் பெருக்கினால், 60 டெசிபெல் இறங்க ஆகும் எதிர்முழக்க நேரம் 2.1 நொடி. 20 சதுர மீட்டர் கனத்த திரை மாட்டிய பிறகு 1.8.

"அவ்வளவுதானா சார்?" என்றார் டீச்சர். "பெரிய பலன் இல்லைங்க மேடம்" என்றேன். அந்த நேரம் பார்த்து, பின்னால் கதவருகே நின்ற ஆயாம்மா ஒரு பையனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். முன்பெஞ்சில் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தவன் சட்டென்று திரும்பினான். டீச்சர் என்னைப் பார்த்தார். நான் மறுபடி மீட்டரைப் பார்த்தேன். அடுத்த மாதம் திரையைக் கழற்றி விழா மேடைக்குக் கொண்டு போய்விட்டார்கள்.

ரொம்ப நாள் கழித்துச் சந்தேகம் வந்து, எங்கள் மொட்டை மாடியில் பலூன் உடைத்தேன். சுற்றிலும் சுவரே கிடையாது. 1.7 நொடி! ஃபாஸ்ட்டின் காலமாறிலி, அதாவது ஒலி மாற்றத்தை மீட்டர் எவ்வளவு சீக்கிரம் தொடரும் என்பதன் அளவு, 125 மில்லிநொடி. சத்தம் பட்டென்று நின்றாலும் மீட்டர் நொடிக்கு 34.7 டெசிபெலுக்கு மேல் வேகமாக இறங்காது. 60 இறங்க 1.7 நொடி. திரை மாட்டிய பின் நான் அளந்தது அந்த மீட்டரைத்தான்.

தஞ்சை மைக்செட்:
மீட்டர் மேலேயே பழியைப் போடாதீங்க அண்ணா. நாலு நொடி இழுக்கிற மண்டபத்துக்கு ஃபாஸ்ட் தாராளமாப் போதும். பலூனும் ஏமாத்தும். சின்ன பலூன்ல பேஸ், அதான் கனத்த அடிச் சத்தம், கிடையாது.

முகூர்த்தத்துக்கு முந்தின ராத்திரி. 125 ஹெர்ட்ஸ் பட்டையில, அதான் பேஸ் பகுதியில, மீட்டர் கோடு 18 டெசிபெல் இறங்கி அப்படியே தரை மாதிரி படுத்துக்குது. அதுக்குக் கீழ ஃபேன் இரைச்சல். ஒரு மணிக்குக் கரண்ட் போச்சு, ஜெனரேட்டர் பையன் தூக்கம். அந்த இருட்டுல பெரிய பர்த்டே பலூனை ஊசியால குத்தினேன். மேடையில கிளம்பின 'தொம்' பந்தி ஹால் கதவு வரைக்கும் உருண்டு போனதைக் காதால கேட்டேன். செல்போன் வெளிச்சத்துல பார்த்தா 4.2 நொடி. அத்தனை வருஷமா தவில் இரையுதுன்னு என்னையத்தான் திட்டினாங்க.

பழைய ஆய்வகம்:
மைக்செட் தம்பி சொல்வது பெரிய மண்டபத்துக்குச் சரி, வகுப்பறைக்குச் சரியில்லை. என் ஆய்வகத்தில் ஒரு மாணவி மீட்டரை ஸ்லோ என்ற மந்த நிலையில் வைத்து அளந்து 14 நொடி என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையால் அடித்தேன். ஸ்லோவில் மீட்டர் நொடிக்கு 4.3 டெசிபெல்தான் இறங்கும் என்று பிறகுதான் உறைத்தது. அவள் வாசித்ததில் பிழையே இல்லை.

சுவரொலி, நீங்கள் கணக்கும் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். எதிர்முழக்க நேரம் என்பது 0.161 பெருக்கல் கன அளவு, வகுத்தல் உறிஞ்சும் பரப்பு (ஒலியை முழுதாக விழுங்கும் எத்தனை சதுர மீட்டருக்கு அறை சமம் என்பது). உங்கள் அறை 162 கன மீட்டர். 2.1 நொடி என்றால் உறிஞ்சும் பரப்பு சுமார் 12.4 சதுர மீட்டர். திரை பாதி உறிஞ்சும் என்று வைத்தாலும் இன்னொரு 10 கூடும், நேரம் 1.2க்குக் கீழே வரவேண்டும். 1.8 என்று வந்தவுடனே மீட்டரைச் சந்தேகப்பட்டிருக்கலாம். இந்தக் கணக்கைக் கண்டுபிடித்த இயற்பியலாளர் சபைன் 1895-இல் ஹார்வர்டின் ஃபாக் அருங்காட்சியக விரிவுரை அறையில் தொடங்கியபோது இந்த மீட்டரே கிடையாது. ஆர்கன் குழாய், நேரம் குறிக்கும் கருவி, தன் காது. சாண்டர்ஸ் தியேட்டரிலிருந்து இருக்கை மெத்தைகளை ராத்திரியில் தூக்கி வந்து அடுக்கி அடுக்கிக் கேட்டார். காதை நம்பினார். இனி அளந்தால் ஒலியை அப்படியே கோப்பாகப் பதிந்து கணினியில் சரிவைப் பாருங்கள், அல்லது எதிர்முழக்க வசதி உள்ள மீட்டர் வாங்குங்கள். 20 டெசிபெல் சரிவுக்குப் பின்னணி இரைச்சலைவிடக் குறைந்தது 35 டெசிபெல் மேலே தொடங்க வேண்டும். ஒரே இடத்தில் நின்று அளக்காதீர்கள். பலூனை முகத்துக்கு நேரே பிடிக்காதீர்கள்.

சுவரொலி:
ஐயா, கணக்கு போடாதது என் தவறுதான். இன்று காலை டீச்சருக்குப் போன் செய்தேன். திரை மேடைக்குப் பின்னால் சுருட்டிக் கிடக்கிறதாம், வகுப்பறையில் கம்பி அப்படியே இருக்கிறதாம். சனிக்கிழமை ஏணியோடு போகிறேன்.