777 போட்டா ஓடிடுமா? 500 எரர் பஞ்சாயத்து

திண்டாடும்தம்பி:
விண்டோஸ் லேப்டாப்ல எழுதின ரெண்டு பெர்ல் ஸ்கிரிப்ட், லினக்ஸ் சர்வர்ல வெப் சர்வர் அப்பாச்சி 2.4, ரெண்டையும் ஒரே சிஜிஐ (வெப் சர்வர் ஸ்கிரிப்டை ஓட்டி பதிலை பிரவுசருக்கு அனுப்புற முறை) ஃபோல்டர்ல ஏத்திட்டேன், ரெண்டுக்கும் பெர்மிஷன் 755 (ஓனர் மட்டும் எழுதலாம், மத்தவங்க படிக்கலாம், ஓட்டலாம்). கணக்கு.பிஎல் ஜம்முனு ஓடுது, ரசீது.பிஎல்ல தட்டினா 500 இன்டர்னல் சர்வர் எரர். லேப்டாப்ல ரெண்டும் ஓடுது! ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் முட்டிக்கிட்டு கிடந்தேன், யாராவது சொல்லுங்க.

சட்டுனுமுடி:
பெர்மிஷன் தான் தம்பி. 777 போடு, யார் வேணா எழுதலாம் ஓட்டலாம்னு திறந்து விட்டுட்டு போய் தூங்கு.

பழையபெர்ல்:
வந்துட்டாருய்யா. ரெண்டுமே 755ன்னு தம்பி சொல்றான், ஒண்ணு ஓடுது ஒண்ணு ஓடல, அப்புறம் எங்கேர்ந்து பெர்மிஷன் வந்துச்சு? தம்பி, 500ன்னா ஏதோ கோளாறுன்னு மட்டும் தான் அர்த்தம், என்ன கோளாறுன்னு சர்வர் எழுதி வைக்கிற எரர் லாக்ல தான் இருக்கும். முதல்ல அதைத் திற.

சட்டுனுமுடி:
ஷேர்டு ஹோஸ்டிங்ல பாதி பேருக்கு லாக் கண்ணுலயே காட்ட மாட்டாங்க. நீங்க லாக் லாக்னு பாட்டு பாடிக்கிட்டே இருங்க, நான் பத்து வருஷமா 777 போட்டு தான் ஓட்டுறேன்.

திண்டாடும்தம்பி:
அண்ணே 777 போட்டேன்... ரெண்டுக்கும். இப்ப ஓடிக்கிட்டு இருந்த கணக்கும் 500 காட்டுது 😭

பழையபெர்ல்:
சொன்னேன்ல! உன் சர்வர்ல சூஎக்ஸெக் இருக்கு. ஸ்கிரிப்டை உன் யூசர் பேர்லயே ஓட்டுறதுக்கு அப்பாச்சி வச்சிருக்கிற காவலாளி அது, ஃபைலையோ அது இருக்கிற ஃபோல்டரையோ ஓனரைத் தவிர வேற யாராவது எழுத முடியும்னா ஓட்டவே மாட்டேன்னு சொல்லிடும், 775 கூட ஆகாது, ஏன்னா குரூப்புக்கும் எழுதுற உரிமை கிடைச்சிடுதுல்ல. திரும்ப 755க்கு கொண்டு வா.

சட்டுனுமுடி:
சூஎக்ஸெக் இல்லாத சர்வர்ல ஓடும். நான் ஒண்ணும் பொய் சொல்லல.

பழையபெர்ல்:
ஓடும் சார், கூடவே அதே சர்வர்ல இருக்கிற எவன் வேணா உங்க ஸ்கிரிப்டை மாத்தி எழுதிட்டும் போவான்.

பாம்புக்காரன்:
இந்த காலத்துல சிஜிஐயா? பைத்தான் 3.13லயே சிஜிஐ மாட்யூலை தூக்கிட்டாங்க ப்ரோ. பைத்தானோட வெப் ஃப்ரேம்வொர்க் ஃபிளாஸ்க்ல மாத்தி எழுதிடு, தலைவலி போச்சு.

பழையபெர்ல்:
போனது பைத்தானோட மாட்யூல் தான், அப்பாச்சில சிஜிஐ இன்னும் குத்துக்கல்லாட்டம் இருக்கு. அவன் எழுதினது பெர்ல் வேற. மூட்டைப்பூச்சிக்கு பயந்து வீட்டைக் கொளுத்தச் சொல்றீங்களே.

திண்டாடும்தம்பி:
755 போட்டதும் கணக்கு ஓடிடுச்சு. ரசீதுக்கு எரர் லாக்ல 'எண்ட் ஆஃப் ஸ்கிரிப்ட் அவுட்புட் பிஃபோர் ஹெடர்ஸ்', அதாவது ஹெடர் வர்றதுக்கு முன்னாடியே ஸ்கிரிப்ட் முடிஞ்சிடுச்சாம். சூஎக்ஸெக் லாக்ல 'நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி'ன்னு இருக்கு. ஆனா ஃபைல் அங்கயே தான் இருக்குண்ணே, எல்எஸ் அடிச்சா தெரியுது!

பழையபெர்ல்:
அது காணோம்னு சொல்றது உன் ஸ்கிரிப்டை இல்ல, பெர்லை. எந்த ப்ரோக்ராமை வச்சு ஓட்டணும்னு சொல்ற முதல் வரியைக் காட்டு, ரெண்டு ஃபைல்லேர்ந்தும்.

திண்டாடும்தம்பி:
ரெண்டுலயும் யூஎஸ்ஆர் பின் பெர்ல் தான். கணக்குல மட்டும் பின்னாடி ஒரு ஸ்பேஸ் விட்டு மைனஸ் டபிள்யூ (எச்சரிக்கை காட்டச் சொல்ற ஆப்ஷன்) இருக்கு.

பழையபெர்ல்:
அடிச்சேன் பாரு! விண்டோஸ்ல வரி முடியுற இடத்துல லைன்ஃபீடுங்கிற வரி முடிவு எழுத்துக்கு முன்னாடி கேரேஜ் ரிட்டர்ன்னு கண்ணுக்குத் தெரியாத இன்னொரு எழுத்து ஒட்டிக்கும். ரசீதுல அது பெர்ல்ங்கிற பேரோட வாலாவே ஒட்டிக்கிச்சு, அப்படி ஒரு ப்ரோக்ராம் உலகத்துலயே கிடையாது, அதான் லினக்ஸோட மையமான கெர்னல் கையை விரிக்குது. கணக்குல மைனஸ் டபிள்யூவோட போய் ஒட்டினதால பெர்ல் கண்டுக்காம விட்டுடுச்சு. அந்த கேரேஜ் ரிட்டர்னை எடுத்துடுற டாஸ்டுயுனிக்ஸ் கமாண்டை ஓட்டு, ரெண்டுக்கும்.

திண்டாடும்தம்பி:
ஓடுது ஓடுது ஓடுதுண்ணே!!!

சட்டுனுமுடி:
நடுவுல பெர்மிஷன் மாத்தினீங்கல்ல, அதுல கூட சரியாகி இருக்கலாம்.

திண்டாடும்தம்பி:
அண்ணே, உங்களை கும்பிட்டுக்கறேன் 🙏