கொல்லிமலை ரோட்டுக்கு ஹேட்ச்பேக்: ஏ-பில்லர் (முன் கண்ணாடி ஓரத்துல கூரையைத் தாங்கற தூண்) மறைப்பை அளந்து சொல்ல முடியுமா?

வணக்கம். ஓட்டப்போறவங்க உயரம் 5 அடி 1 அங்குலம். ரோடோ 70 கொண்டை ஊசி வளைவு. வலப்பக்கம் திரும்பும்போது, இறங்கி வர்ற பைக் பில்லருக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கும், அதுதான் கவலை.

பில்லர் 10 செ.மீ. அகலம், கண்ணிலிருந்து 70 செ.மீ. தள்ளி இருக்குன்னா, ரெண்டு கண்ணாலயும் பார்த்தாக்கூட 20 மீட்டர்ல 1 மீட்டருக்கு மேல மறையும். ஒரு பைக்குக்கு அது தாராளம். ரெண்டு வண்டியும் கோணம் மாறாம நெருங்கினா கடைசிவரை தெரியாது. கூரை நசுங்காத வலு, பக்கவாட்டு ஜன்னல் மேல விரியற கர்ட்டன் ஏர்பேக் எல்லாம் சேர்ந்துதான் பில்லர் பருத்தது, அதனால குறை சொல்லவும் மனசு வரலை.

கேள்வி இதுதான்: சைடு மிரர் பில்லர் மூலையில இல்லாம கதவு மேல இருக்கற மாடல்ல, பில்லருக்கும் மிரருக்கும் நடுவுல உள்ள இடைவெளி, உயரம் குறைஞ்சவங்களுக்கு நிஜமாவே உதவுதா? சீட்டை உயர்த்தினா மிரர் கீழே இறங்கின மாதிரி ஆகும், சரி. ஆனா பெடல் எட்ட முன்னால தள்ளினா பில்லர் இன்னும் கிட்ட வந்துடுதே?

அளக்க: பெல்ட் போட்டு வழக்கம்போல உட்காருங்க. 5 மீட்டர் தள்ளி ஒருத்தர் கம்பைப் பிடிச்சுக்கிட்டு குறுக்கே நடக்கட்டும். கம்பு மறையற இடம், திரும்பத் தெரியற இடம் ரெண்டுலயும் சாக்பீஸ் கோடு. ரெண்டு கோட்டுக்கும் நடுவுல உள்ள தூரம், கார் மாடல், வருஷம், உங்க உயரம் எல்லாம் போடுங்க.

பில்லர் உறையில குவி கண்ணாடி, கேமரா ஒட்டற யோசனை வேண்டாம். ஏர்பேக் விரிஞ்சா அது நேரா முகத்துக்கே பறந்து வரலாம்.