முதலாண்டு ஜிபிஏ குறைந்தால் பல்கலைக்கழக இடம் போய்விடுமா?

ஈசூன் அம்மா:
வணக்கம். என் மகள் பலதுறைத் தொழிற்கல்லூரியில் முதலாண்டை 3.1 ஜிபிஏவோடு (எல்லாப் பாடங்களுக்குமான சராசரி மதிப்புப் புள்ளி) முடித்திருக்கிறாள். கணக்கில் 'சி' வாங்கியவள், அடுத்த பருவத்தில் எழுத்துத்தொடர்புப் பாடத்தில் 'ஏ' வாங்கியும் சராசரி ஏறியதாகவே தெரியவில்லை. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் வெளியிடும் சேர்க்கைப் பட்டியலில் அவள் விரும்பும் துறைக்கு எதிரே 3.5க்கு மேல் இருப்பதைப் பார்த்ததிலிருந்து, இனி முயன்று பயனில்லை என்கிறாள். உண்மையா?

முன்னாள் மாணவன்:
அம்மா, எல்லாப் பாடமும் சராசரியில் ஒரே எடை பெறுவதில்லை. ஒவ்வொரு பாடத்தின் மதிப்புப் புள்ளியையும் அதன் கிரெடிட்டால் (பாடத்தின் எடையைக் காட்டும் எண்) பெருக்கி, கூட்டிவந்த தொகையை மொத்தக் கிரெடிட்டால் வகுக்கிறார்கள். 'ஏ' 4, 'பி' 3, 'சி' 2. கணக்குக்கு 6 கிரெடிட், மற்றதற்கு 2 என்று வைத்துக்கொண்டால், 12ஐயும் 8ஐயும் கூட்டி 8ஆல் வகுக்க 2.5தான் வரும், நாம் மனக்கணக்கில் எதிர்பார்க்கும் 3 வராது. ஆக, 'ஏ' வாங்கியது வீணில்லை, கிரெடிட்தான் சிறியது.

இதே கணக்கு உங்கள் மகளுக்குச் சாதகமாகவும் திரும்பும். படிப்பு மொத்தம் 120 கிரெடிட், முடிந்தது 40 என்றால், மிச்சமுள்ள 80இலும் 3.8 எடுத்தால் இறுதி ஜிபிஏ ஏறத்தாழ 3.57 ஆகும். எளிதன்று, ஆனால் கைவிட வேண்டிய எண்ணும் அன்று. உண்மையான கிரெடிட் எண்ணிக்கை அவருடைய மதிப்பெண் அறிக்கையிலேயே இருக்கும்.

மூன்று பிள்ளைகளின் தந்தை:
அந்தப் பட்டியலைப் பலர் தவறாகப் படிக்கிறார்கள் (நானும் மூத்தவனுக்காகப் பார்த்தபோது அப்படித்தான் படித்தேன்). அதிலுள்ள இரண்டு எண்கள், சென்ற முறை இடம் பெற்றவர்களுள் பத்தாவது, தொண்ணூறாவது சதமான நிலையில் இருந்தோரின் ஜிபிஏ. கீழெண் 3.5 என்றால், சேர்ந்தவர்களில் பத்தில் ஒருவர் ஏறக்குறைய அதற்குக் கீழே இருந்தார் என்று பொருள். அது தகுதிக் கோடு அன்று, விண்ணப்பதாரர் கூட்டத்தைப் பொறுத்து ஆண்டுக்காண்டு நகரும். தவிர, திறன் அடிப்படையிலான சேர்க்கையில் வேலைப்பயிற்சி, செயல்திட்டங்கள் போன்றவற்றையும் பார்க்கிறார்கள். ஆனால், மருத்துவம், சட்டம் போன்ற துறைகளுக்கு ஜிபிஏ நன்றாக இருந்தாலும் நேர்காணலைத் தாண்டியாக வேண்டும்.

ஈசூன் அம்மா:
நன்றி, இருவருக்கும். அறிக்கையை எடுத்து நேற்றிரவு சேர்ந்தே கூட்டிப் பார்த்தோம். கணக்குக்கு 5 கிரெடிட்டாம். அடுத்த பருவத்தில் பெரிய கிரெடிட் உள்ள பாடங்கள் எவை என்று இப்போது அவளே வட்டமிட்டு வைத்திருக்கிறாள்.