16 வயசு பையனுக்கு நட்கிராக்கர் சிண்ட்ரோமாம், உடனே ஸ்டென்ட் வைக்கணுமா?

தாமிரபரணிக்கரை:
எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் நீளமா இருக்கும் பொறுத்துக்கோங்க. பையன் ப்ளஸ் ஒன் படிக்கிறான். ஒரே வருஷத்துல சரசரன்னு வளந்து 5 அடி 10 அங்குலம் ஆயிட்டான், வெயிட் மட்டும் 49 கிலோ. ஜூன்ல ஒரு நாள் ஃபுட்பால் ஆடிட்டு வந்தவன் பாத்ரூம்ல இருந்து அம்மான்னு கத்துறான், ஓடிப்போய் பாத்தா யூரின் கடுங்காப்பி கலர்ல இருக்கு. கூடவே இடது விலாவுக்குக் கீழ பிடிச்சாப்ல வலி. மொதல்ல காட்டின இடத்துல கல்லுன்னாங்க, ஸ்கேன் பாத்தா கல்லே இல்ல. அப்புறம் இன்ஃபெக்‌ஷன்னு ரெண்டு கோர்ஸ் ஆன்டிபயாடிக், யூரின் கல்ச்சர்ல கிருமி ஒண்ணும் வளரல. கடைசியா சிடி எடுத்து, இடது கிட்னில இருந்து வர்ற ரத்தக்குழாய் நசுங்கியிருக்கு, நட்கிராக்கர்னு எழுதிக் குடுத்தாங்க. ஆங்கிள் 22 டிகிரின்னு போட்டிருக்கு. ஒரு டாக்டர் ஸ்டென்ட் வச்சிட்டா ரெண்டே நாள்ல வீட்டுக்குப் போயிடலாம்ங்கறார். வளர்ற பையன் வயித்துக்குள்ள கம்பி வலையை வைக்கறதான்னு மூணு நாளா தூக்கமே இல்ல. வீட்ல என் மாமியாருக்கு இது என்ன வியாதின்னு சொல்லவே தெரியல எனக்கு.

ஸ்கேன்ரூம்காரன்:
அக்கா, மாமியாருக்கு சொல்றது ரொம்ப ஈஸி, பாக்குவெட்டில மாட்டின பாக்குன்னு சொல்லுங்க. மேல் பிடி எஸ்எம்ஏங்கற குடலுக்குப் போற தமனி, கீழ் பிடி அயோர்ட்டா, அதாவது இதயத்துல இருந்து வர்ற பெரிய தமனி. இடது கிட்னி வெயின், அதாவது கிட்னில இருந்து ரத்தத்தை வெளிய கொண்டுபோற சிரை, இந்த ரெண்டுக்கும் நடுவுல புகுந்துதான் பெரிய சிரைக்கு வரணும். வலது கிட்னிக்கு அந்தப் பெரிய சிரை பக்கத்துலயே இருக்கறதால இந்தப் பிரச்சினை இல்ல. அந்த இடுக்குல கொஞ்சம் கொழுப்பு மெத்தை மாதிரி இருக்கும், அந்த ரெண்டு தமனிக்கும் நடுவுல இருக்கற ஆங்கிளும் வழக்கமா 40, 50 டிகிரின்னு இருக்கும். உங்க பையன் மாதிரி வெயிட் ஏறாம உயரம் மட்டும் எகிறுனா மெத்தை மெலிஞ்சு பிடி இறுகும். ரத்தம் வெளிய போக வழியில்லாம பிரஷர் ஏறி, கிட்னிக்குள்ள இருக்கற மெல்லிசான குழாய்ங்க வெடிச்சு யூரின்ல கலக்குது.

ஆனா ஒண்ணு. நசுங்கி இருக்கறது வேற, வியாதி வேற. எந்தத் தொந்தரவும் இல்லாத ஆளுங்க சிடிலயும் இதைப் பாக்கறோம், ஒல்லியா இருந்தா சகஜம். அதனால 22ங்கற நம்பரை மட்டும் வச்சு முடிவெடுக்காதீங்க. டாப்ளர், அதான் ரத்த ஓட்டத்தைப் பாக்கற ஸ்கேன், எடுத்தாங்களா? நசுங்கின இடத்துல ரத்தம் ஓடற வேகம் கிட்னி பக்கத்து வேகத்தைவிட 5 மடங்குக்கு மேல இருக்கான்னு பாப்பாங்க, படுக்க வச்சும் நிக்க வச்சும் எடுக்கச் சொல்லுங்க. இன்னொண்ணு, அவன்கிட்ட அவங்கப்பாவை விட்டு கேக்கச் சொல்லுங்க, இடது விதைப்பைல நரம்பு புடைச்ச மாதிரி இருக்கான்னு. அந்தப் பக்கத்து சிரை இந்த வெயின்லதான் வந்து சேருது, அதனால வெரிக்கோசில்ங்கற அந்தப் புடைப்பும் கூடவே வரலாம். அம்மாகிட்ட பசங்க சொல்லமாட்டானுங்க.

பசுமைவைத்தியம்:
வாழைத்தண்டு ஜூஸ் ஒரு மண்டலம் குடுங்க சிஸ்டர், கல்லு கரைஞ்சு ஓடிரும்.

ஸ்கேன்ரூம்காரன்:
கல்லே இல்லைன்னு அக்கா எழுதியிருக்காங்க சார், படிச்சிட்டு சொல்லுங்க. ஜூஸ் குடிச்சா தமனி நகருமா?

கொங்குப்பொண்ணு:
எனக்கு இதே வியாதிக்கு 2019ல ஆபரேஷன் ஆச்சுங்க, அப்ப வயசு 31. அதுக்கு முன்னாடி நாலு வருஷம் கல்லு, வாயு, கடைசில மனசுல ஸ்ட்ரெஸ்னு எல்லாம் சொல்லி அனுப்புனாங்க. நின்னு சமைச்சா அரைமணி நேரத்துல இடுப்பு விட்டுப்போகும், அடிவயிறு கனக்கும், குப்புறப் படுத்தா கொஞ்சம் தேவலைன்னு இருக்கும். இதைச் சொன்னா சிரிச்சாங்க. அப்புறம் ஒருத்தர்தான் தொடை வழியா ட்யூப் விட்டு வெனோகிராம்னு சிரையை மட்டும் படம் எடுத்து, நசுங்கின இடத்துக்கு முன்னாடியும் பின்னாடியும் பிரஷர் அளந்தாரு. சாதாரணமா வித்தியாசம் 1 மில்லிமீட்டர் மெர்க்குரிக்குள்ளதான் இருக்கணுமாம், 3க்கு மேல போனா கணக்குல எடுப்பாங்க, எனக்கு 6.

எனக்குப் பண்ணது டிரான்ஸ்பொசிஷன். அந்த வெயினை அறுத்து, பெரிய சிரையில கொஞ்சம் கீழ தள்ளி மறுபடி தைச்சுட்டாங்க, இடுக்குல மாட்டாதபடிக்கு. வயித்துல ஒரு சாண் தழும்பு இருக்குங்க. யூரின்ல ரத்தம் நின்னுருச்சு. வலி போக எட்டு மாசம் ஆச்சு, இப்பவும் மழை நாள்ல பஸ்ல நின்னுட்டுப் போனா லேசா தெரியும், பொய் சொல்லமாட்டேன்.

ஸ்டென்ட் பத்தி என் டாக்டர் சொன்னதைச் சொல்றேன். அது சில சமயம் வச்ச இடத்துல நிக்காம நகந்து இதயம் வரைக்கும் போயிருக்காம். வச்சதுக்கப்புறம் ரத்தம் உறையாம இருக்க மாத்திரையும் சாப்பிடணும். ஆயுசு முழுக்க உள்ள இருக்கப் போற பொருளு, பையனுக்கு 16 வயசு. சின்னப் பசங்களுக்கு ஹீமோகுளோபின் ரொம்ப இறங்காம, கிட்னி கெடாம இருந்தா ரெண்டு வருஷமாவது வெயிட் ஏத்திப் பாத்துட்டுதான் கத்தியே எடுப்பாங்கன்னும் சொன்னாரு, நிறைய பேருக்கு தானா சரியாயிடுதாம். ரெண்டாவதா கிட்னி டாக்டர் (நெஃப்ராலஜிஸ்ட்) ஒருத்தரையும் ரத்தக்குழாய் ஆபரேஷன் பண்ற வாஸ்குலர் சர்ஜனையும் பாக்காம கையெழுத்து போடாதீங்க அக்கா. யூரின்ல ப்ரோட்டீன் இருக்குன்னா காலைல எந்திரிச்ச உடனே பிடிச்ச யூரினைத் தனியா, சாயங்கால யூரினைத் தனியா டெஸ்ட் பண்ணுங்க, இந்த வியாதில நின்னு நடமாடறப்ப மட்டும் யூரின்ல ப்ரோட்டீன் வெளிய வர்றது உண்டு. கட்டி கட்டியா ரத்தம் வந்து யூரின் அடைச்சுதுன்னா மட்டும் காத்திருக்காம அன்னிக்கே ஓடிருங்க.

தாமிரபரணிக்கரை:
ரெண்டு பேருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. நேத்து வேற டாக்டர்கிட்ட போனோம். காலை யூரின்ல ப்ரோட்டீன் இல்ல, சாயங்காலம் ஒண்ணு பிளஸ். ஹீமோகுளோபின் 12.8. நீங்க சொன்ன மாதிரியே, இப்ப ஸ்டென்ட் வேண்டாம், மூணு மாசம் கழிச்சு டாப்ளர், அதுக்குள்ள 4 கிலோ ஏத்துங்கன்னுட்டார். தம்பி சொன்னது சரிதான், அவங்கப்பா கேட்டப்பதான் தெரிஞ்சது, ஒரு வருஷமா புடைச்சிருக்காம், வெக்கப்பட்டு சொல்லல. மாமியார் பாக்குவெட்டின்னதும் கப்புனு பிடிச்சுக்கிட்டாங்க, இப்ப ராத்திரி ராத்திரி உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் அவங்க டிபார்ட்மென்ட். ஃபுட்பால் விடலாமான்னு கேக்க மறந்துட்டேன், அவன் மூஞ்சியைப் பாக்க முடியல.

ஸ்கேன்ரூம்காரன்:
ஓடி ஆடினா ரத்தம் கூடறதும் உண்டு அக்கா, டாக்டருக்கு ஒரு போன் போட்டு கேட்டுருங்க. அதுவரைக்கும் கோல்கீப்பரா நிக்கச் சொல்லுங்க, உயரம்தான் இருக்கே.